வெள்ளை ஓக்கிலிருந்து வடக்கே

1700-களின் வர்ஜீனியாவில் பிறந்த மூதாதை ஒருவருக்குப் பிறப்புச் சான்று கிடைப்பது அரிது. அவர் நிலம் வைத்திருந்தால் கிரயப் பத்திரம் கிடைக்கக்கூடும். கவுண்டி நீதிமன்ற எழுத்தர் அதைத் தடித்த பேரேட்டில் வரிக்கு வரி நகலெடுத்து வைத்திருப்பார்.

நான்கெல்லை படிப்பதே தனி ருசி. ஓடைக்கரை வெள்ளை ஓக்கில் தொடங்கி, வடக்கே இத்தனை ‘போல்’ (ஒரு போல் 16½ அடி), அங்கிருந்து இன்னாருடைய நிலம் வரை. ஓக் எப்போதோ பட்டுப்போயிருக்கும். பக்கத்து நிலத்துக்காரர் பெயர் நிற்கிறது. பல நேரம் அவர்தான் நிலத்துக்காரரின் மாமனார்!

விலையையும் அப்படியே நம்பக்கூடாது. ஐந்து ஷில்லிங் என்றிருந்தால் அது ஓராண்டுக் குத்தகையாக எழுதிய முதல் பத்திரமாக இருக்கலாம். மறுநாள் தேதியிட்ட அடுத்த பத்திரத்தில்தான் உண்மையான தொகை வரும். ‘அன்பின் பொருட்டு’ என்றிருந்தால் வாங்கியவர் பெரும்பாலும் மகனோ மருமகனோ போன்ற உறவினர்.

எனக்குப் பிடித்த இடம் மனைவியின் சம்மதம். கணவன் இல்லாத இடத்தில் அவளைத் தனியே விசாரித்து, மனமொப்பி நிலத்தில் தனக்கிருந்த உரிமையை விட்டாளா என்று பதிவார்கள். கட்டாயப்படுத்தப்பட்டவள் அங்கே வாய் திறந்திருப்பாளா என்பது வேறு கதை. வேறெந்தத் தாளிலும் இல்லாத அவள் பெயர் இங்கே இருக்கும், சில நேரம் கையெழுத்துக்குப் பதிலாக அவள் இட்ட கோணல் கீறலின் நகலோடு.

அதே பேரேடுகளில் அடிமைகளும் விற்கப்பட்டார்கள், பெரும்பாலும் குலப்பெயரின்றி. அவர்களின் சந்ததியினர் மூதாதையரைத் தேட, உடைமையாளர் குடும்பத்துப் பத்திரங்களைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது.