வாலாஜாபாத் வரை லாரியில்

அரக்கோணம்–காஞ்சிபுரம்–செங்கல்பட்டு ரயில்பாதையைப் பற்றி எழுதுபவர்கள் அதன் வயதைச் சொல்லியே நிறுத்திவிடுகிறார்கள். வயது தகுதி ஆகாது. எந்த வேலைக்காகப் போட்டார்களோ, அதை எவ்வளவு செம்மையாகச் செய்கிறது என்பதே அளவுகோல்.

1865-இல் இந்தியன் டிராம்வே கம்பெனி அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு மூன்றரை அடி அகலத்தில் பாதை போட்டது. சிக்கனம் அதன் பலம்; கிளைப்பாதைக்கு அகலப்பாதையின் செலவு எதற்கு என்ற கணக்கில் நியாயம் உண்டு. ஆனால் அரக்கோணத்தில் நின்றது மதராஸ் ரயில்வேயின் அகலப்பாதை. அங்கே மூட்டை மூட்டையாக இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும். வடிவமைப்பின் மூலக்குறை இது. 1878-இல் மீட்டர் கேஜாக மாற்றி, பிறகு செங்கல்பட்டோடு இணைத்தபோது தெற்கே வழி திறந்தது. அரக்கோணத்துச் சிக்கல் அப்படியே இருந்தது. பின்னாளில் அகலப்பாதை வந்துதான் அது தீர்ந்தது. தக்கோலம் பக்கம் கொசஸ்தலையாற்றை இந்தப் பாதை மூன்று அகலங்களில் கடந்திருக்கிறது. வரலாற்றுப் பிரியர்கள் வியக்கலாம். திறனாய்வாளருக்கு அது இரண்டு திருத்தங்களின் கணக்கு.

இந்தப் பாதையின் இன்றைய சாதனை, கார்களை ரயிலேற்றும் வாலாஜாபாத் குட்ஸ் ஷெட். ஆயுள் முடிந்த பயணிகள் பெட்டிகளின் ஜன்னல்களை அடைத்து, இரு முனைகளிலும் கதவு வைத்து, கார்களை ஒரு முனையில் ஏற்றிப் பெட்டிக்குப் பெட்டி ஓட்டிச் சென்று நிறுத்துகிறார்கள். ஒரு ரேக்கில் நூறு கார்களுக்கு மேல் போகும். கழித்துப்போட்டதிலிருந்து புதுப்பயன் கண்ட இந்த முறை பாராட்டத்தக்கது. காரின் தலைக்கு மேல் வீணாகும் இடம் அதன் குறை; பின்னால் வந்த இரண்டடுக்கு வேகன்கள் அதைத் திருத்தின.

முறை சரி, இடம்தான் இடறுகிறது. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் படப்பையைத் தாண்டினால் ஒரகடம் தொழிற்பகுதி. அங்கே உருவாகும் கார் டிரெய்லர் ஏறி, மேற்கே வாலாஜாபாத் போய், இறங்கி, பிறகுதான் ரயில் ஏறுகிறது. அரக்கோணத்தில் ஒழிந்த ஏற்றி இறக்கும் வேலை ஆலை வாசலுக்கு இடம் மாறியிருக்கிறது. குஜராத்தின் ஹன்சல்பூரில் மாருதி ஆலைக்குள்ளேயே 2024 முதல் ரயில் வருகிறது. அந்த ஒப்பீட்டை அப்படியே இங்கே பொருத்துவதும் சரியல்ல. ஆலைக்குள் போகும் பாதை ஒரு கம்பெனிக்கு உரியது. வாலாஜாபாத் பலருக்கும் பொது. அந்தப் பொதுத்தன்மை விட்டுக்கொடுக்கக் கூடாத குணம். ஆலைக்கு அருகாமை, பொதுத்தன்மை இரண்டையும் சேர்த்துத் தரக்கூடியது ஆவடியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் கூடுவாஞ்சேரிக்குத் திட்டமிட்ட புதுப்பாதை. 2013-14 ரயில்வே பட்ஜெட்டில் இடம்பெற்ற அது இன்னும் காகிதத்தில் ஓடுகிறது.

ஆகவே தீர்ப்பு இது: வண்டியை ஓட்டும் திறனில் இந்தப் பாதைக்குத் தேர்ச்சி; தொழிற்பகுதியின் சரக்குத் திட்டமாகப் பாதித் தேர்ச்சிதான். மீதி மதிப்பெண் கூடுவாஞ்சேரிப் பாதையிடம் இருக்கிறது.