பூட்டுக்கு ஒரு திட்டம்

சிட்னியின் மேற்குப் புறநகர் ஒன்றில் நான்கு பேர் வாழும் வீடு. நால்வருக்கும் அறிவுசார் குறைபாடு, இருவருக்குப் பேச்சு இல்லை. இருபத்து நான்கு மணி நேரமும் பணியாளர்கள் ஷிஃப்ட் மாற்றி இருப்பார்கள். சமையலறை ஃப்ரிட்ஜின் இரண்டு கதவுகளையும் சேர்த்து ஒரு சைக்கிள் பூட்டு போட்டிருந்தது. நான் அந்தப் பூட்டைப் பார்க்கப் போகவில்லை. முப்பதைத் தாண்டிய ஒருவர் மாலையில் நாற்காலியைத் தூக்கி எறிகிறார், பணியாளர் ஒருவரின் கையைக் கடித்துவிட்டார் என்று வீட்டை நடத்தும் நிறுவனம் என்னை அழைத்திருந்தது. அவர் யாரென்று தெரியாதபடி விவரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

என் வேலைக்குத் தமிழில் ஒட்டும்படியான பெயர் கிடையாது. ‘நடத்தை ஆதரவு’ என்றால் நன்னடத்தைச் சான்றிதழ் வழங்குகிறவன் போலத் தோன்றுகிறது. ஆஸ்திரேலியாவில் தேசிய மாற்றுத்திறனாளிகள் காப்பீட்டுத் திட்டம், அதாவது என்.டி.ஐ.எஸ்., 2013இல் சட்டமானது. இன்று 6 லட்சத்துக்கு மேற்பட்டோர் அதன்கீழ் உதவி பெறுகிறார்கள். அவர்களில் ஒருவருடைய நடத்தை அவரையோ அடுத்தவரையோ காயப்படுத்தும் அளவுக்குப் போனால், ஏன் என்று கண்டறிந்து, சுற்றியிருப்பவர்கள் என்ன செய்யலாம் என்று திட்டம் எழுதிக் கொடுப்பது எங்கள் வேலை. இதற்கு மணிக்கு 200 டாலருக்கு மேல் வசூலிக்கப்படுகிறது. கடி வாங்கியவருக்கு மணிக்குக் கிடைப்பது அதில் ஒரு சிறு பங்குதான். பிறகு இந்தக் கணக்குக்கு வருகிறேன்.

முதலில் இந்தத் தொழிலின் நல்லதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது பெரியது. காரணமில்லாமல் யாரும் தலையைச் சுவரில் மோதிக்கொள்வதில்லை என்பதுதான் இதன் அடிப்படை. 1982இல் பால்டிமோரில் பிரையன் இவாட்டாவும் அவருடைய குழுவினரும் தங்களையே காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைகளை வெவ்வேறு சூழல்களில் வைத்துப் பார்த்தார்கள். கடினமான பாடம் தரும்போது, தனியே இருக்கும்போது, காயப்படுத்திக்கொண்டால் மட்டும் ஒருவர் வந்து பேசும்போது, சும்மா விளையாடும்போது என்று. பார்வைக்கு ஒன்றுபோல இருந்த செயலுக்குப் பிள்ளைக்குப் பிள்ளை காரணம் வேறாக இருந்தது. ஒரு பிள்ளை பாடத்திலிருந்து தப்பிக்க அடித்துக்கொண்டது, இன்னொன்று யாராவது வரட்டும் என்று. மூன்றாண்டு கழித்து எட்வர்ட் காரும் மார்க் டியூரண்டும், பாடம் கடினமானால் முரண்டு பிடிக்கும் குழந்தைக்குப் புரியவில்லை என்று சொல்லப் பழக்கினார்கள். முரண்டு குறைந்தது. குழந்தையைத் திருத்துவதற்குப் பதில் அதற்கு ஒரு சொல்லைக் கொடுத்தார்கள்.

அதற்கு முந்தைய கதை அவ்வளவு இதமானது அல்ல. 1960களில் கலிபோர்னியாவில் ஐவார் லோவாஸ் ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு மின் அதிர்ச்சி கொடுத்துப் பழக்கினார். பழைய கதை என்று விட்டுவிடவும் முடியாது. மாசசூசெட்ஸில் ஜட்ஜ் ரோட்டன்பெர்க் மையம் உடம்பில் கட்டிய கருவியால் அதிர்ச்சி கொடுப்பதை அமெரிக்க மருந்து நிர்வாகம் 2020இல்தான் தடை செய்தது. மறு ஆண்டே நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. இந்த மரபிலிருந்து விலகி, தண்டனையைக் கைவிட்டு, வாழ்க்கையை மேம்படுத்துவதன் வழியே நடத்தையை மாற்றலாம் என்று 1980களின் கடைசியில் சிலர் தனிவழி கண்டார்கள். என் தொழில் அந்தக் கிளையில் முளைத்தது. ஆனால் வேர் அதேதான் என்பதை ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் எங்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். ‘நீங்கள் அடிக்காமல் அடக்குகிறீர்கள்’ என்ற பொருளில் ஒருவர் ஒரு கூட்டத்தில் பேசியது எனக்கு இன்றும் உறுத்துகிறது. கைகளை உதறும் ஒருவருக்கு உதறாமலிருக்கச் சொல்லிக் கொடுத்தால் யாருக்கு லாபம்? பார்ப்பவருக்கு.

அந்த வீட்டுக்குத் திரும்புகிறேன். இந்த வேலையில் முதல் கருவி மூன்று கட்டம் போட்ட ஒரு தாள்: முன்னால் என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், பின்னால் என்ன நடந்தது. பணியாளர்கள் நிரப்புவார்கள். இரண்டு வாரத் தாள்களைப் புரட்டினேன். நடுக் கட்டத்தில் நாற்காலி, கடி, கத்தல். முதல் கட்டத்தில் பதினோரு இடங்களில் ஒரே விடை: ‘ஒன்றுமில்லை.’ சில தாள்களில் ‘மாலை ஒரு பிஹேவியர்’ என்று மட்டும் இருந்தது. இங்கே அந்தச் சொல்லுக்கு நடத்தை என்று பொருளில்லை, வலிப்பு, காய்ச்சல் போல வந்து போகும் ஒன்று என்று பொருள்.

இனி சட்டம். என்.டி.ஐ.எஸ். திட்டத்தின் 2018 விதிகளின்படி கட்டுப்படுத்தும் நடைமுறைகள் ஐந்து: தனியே அடைப்பது, மருந்தால் அடக்குவது, கருவியால் கட்டுவது, உடலைப் பிடித்து நிறுத்துவது, சூழலைப் பூட்டுவது. ஃப்ரிட்ஜ் பூட்டு ஐந்தாவது வகை. இவற்றில் எது நடந்தாலும் அது ஒரு திட்டத்தில் இருக்க வேண்டும், மாநிலம் அதை அங்கீகரிக்க வேண்டும். திட்டம் எழுதுபவர் வேலையை ஏற்ற ஒரு மாதத்துக்குள் இடைக்காலத் திட்டம், ஆறு மாதத்துக்குள் முழுத் திட்டம் தர வேண்டும். நோக்கம் சரிதான். இதற்கு முன்னால் பூட்டைப் பூட்டு என்று சொல்ல யாருமில்லை. அது வீட்டுச் சாமான்களில் ஒன்றாகவே இருந்தது. எண்ண ஆரம்பித்ததும் எண்ணிக்கை மிரட்டியது: 2020–21இல் மட்டும் அங்கீகாரமில்லாத கட்டுப்பாடுகள் 10 லட்சம் தடவைக்கு மேல் நடந்ததாக என்.டி.ஐ.எஸ். கண்காணிப்பு ஆணையத்துக்கு அறிக்கை போனது. ஒருவருக்குத் தினம் கொடுக்கும் மாத்திரை ஒவ்வொரு தடவையும் தனித்தனியே எண்ணப்படும், அதனால்தான் இத்தனை. இருந்தாலும் அத்தனை தடவை கொடுக்கப்பட்டது பொய்யில்லை.

எனக்கு ஒரு மாதம்தான் இருந்தது. பூட்டைப் பற்றி மேலாளரிடம் கேட்டேன். ‘கண்டபடி சாப்பிடுவார், பாதுகாப்புக்காக’ என்றார். இடைக்காலத் திட்டத்தில் பூட்டை எழுதினேன். ஏன் வேண்டும் என்று அரைப்பக்கம், எப்படிப் படிப்படியாக விலக்குவது என்று கால்பக்கம். நியூ சவுத் வேல்ஸில் இதற்கென ஒரு குழு கூடும், அதில் நிறுவனத்தின் மூத்த நிர்வாகி ஒருவர், வெளியிலிருந்து நிபுணர் ஒருவர். காகிதம் கச்சிதமாக இருந்ததால் அங்கீகாரம் கிடைத்தது. அதுவரை அனாமத்தாகத் தொங்கிய பூட்டு சட்டப்படியான பூட்டாயிற்று. அதற்குக் கையெழுத்துப் போட்டவன் நான்.

ஆறாவது வாரம் மாலை ஷிஃப்ட் முழுக்க உட்கார்ந்து பார்க்கப் போனேன். இரவுப் பணிக்கு வந்தவர் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர், அந்த வீட்டில் எல்லோரையும்விடப் பழையவர். தேநீர் போட்டுக் கொடுத்துக்கொண்டே, ‘தம்பி, அந்தப் பூட்டு இவருக்குப் போட்டதில்லை. முந்தி இருந்த பெடியனுக்குப் போட்டது. அந்தப் பெடியன் போய் ரெண்டு வருசமாச்சு’ என்றார். போனவருக்கு ப்ரேடர்–வில்லி நோய்க்குறி. பசி அடங்கவே அடங்காத பிறவிக் கோளாறு அது. அவருக்குப் பூட்டு ஒருவேளை நியாயம். அவர் போனபின் அதைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை. என் ஆள் பகல் நிலையத்திலிருந்து ஐந்து மணிக்குப் பசியோடு வருவார். சாப்பாடு ஆறரைக்கு. தயிர் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும், கேட்கப் பேச்சில்லை, கதவு திறக்காது. ‘ஒன்றுமில்லை’ என்று பதினோரு தடவை எழுதப்பட்டது இதைத்தான்.

‘ஏன்க்கா இதை யாருக்கும் சொல்லவில்லை?’ என்று கேட்டேன். ‘ஆர் கேட்டது?’ என்றார். என் நேர்காணல் பட்டியலில் பகல் ஆட்கள் மட்டுமே இருந்தார்கள்.

இந்தத் தொழிலின் பெரிய குறை இங்கேதான் என்று நினைக்கிறேன். எங்கள் மணிக்கணக்கு பெரும்பாலும் எழுத்தில் போய்விடுகிறது. நாற்பது பக்கத் திட்டம் சாதாரணம். ஷிஃப்ட் தொடங்கும்போது மருந்துப் பெட்டியை எண்ணி, நால்வரைக் குளிக்க வைத்து, சமைக்கும் பணியாளர் நாற்பது பக்கம் எப்போது வாசிப்பார்? முகவர் நிறுவனம் அனுப்பிய புதியவருக்கு அந்தக் கோப்பு எந்த அலமாரியில் என்பதே தெரியாது. ஆய்வும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. இங்கிலாந்தில் ஏஞ்சலா ஹாசியோட்டிஸ் குழுவினர் 2009இல் எசெக்ஸில் செய்த சோதனையில், தனி நிபுணர் குழு நேரடியாக இறங்கி வேலை செய்தபோது பலன் தெரிந்தது. அதே ஆய்வாளர் 2018இல் 23 குழுக்களில் 246 பேரைக் கொண்டு, இருக்கும் ஊழியர்களுக்குப் பயிற்சி மட்டும் கொடுத்துப் பார்த்தார். ஓராண்டு கழித்தும் வேறுபாடில்லை. பயிற்சியும் காகிதமும் போதவில்லை, ஆள் போய் நிற்க வேண்டியிருந்தது. இரண்டும் ஒரே அளவுச் சோதனைகள் அல்ல என்பதால் இதை முடிந்த முடிவாகச் சொல்ல மாட்டேன், ஆனால் என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது.

மருந்து விஷயத்தில் எங்கள் கை இன்னும் குட்டை. 2008இல் பீட்டர் டைரர் குழுவினர் லான்செட்டில் வெளியிட்ட சோதனையில், ஆக்ரோஷம் காட்டும் அறிவுசார் குறைபாடுடைய 86 பேருக்கு ரிஸ்பெரிடோன், ஹாலோபெரிடால், வெற்று மாத்திரை ஆகிய மூன்றில் ஒன்றைக் கொடுத்தார்கள். மூன்றிலும் ஆக்ரோஷம் குறைந்தது, வெற்று மாத்திரையில்தான் அதிகம் குறைந்தது. அப்படியிருந்தும் நான் பார்க்கும் கோப்புகளில் ரிஸ்பெரிடோன் இல்லாதது அபூர்வம். நாங்கள் மருந்தைத் திட்டத்தில் எழுதலாம், குறைக்க முடியாது. எழுதிக் கொடுத்த மருத்துவர் எங்கள் திட்டத்தைப் பார்த்தே இருக்க மாட்டார். போதாததற்கு ஓர் ஓட்டை: மனநோய்க்குக் கொடுத்தால் அது சிகிச்சை, நடத்தைக்குக் கொடுத்தால் கட்டுப்பாடு. கோப்பில் ஒரு நோயின் பெயர் சேர்ந்தால் அதே மாத்திரை கணக்கிலிருந்து மறைந்துவிடும்.

யார் இதை எழுதலாம் என்பதும் குழப்பம். உளவியலாளர், தொழில்வழிச் சிகிச்சையாளர், பேச்சுப் பயிற்சியாளர், சமூகப் பணியாளர் என்று பல வாசல்கள். புதிதாக நுழைபவர் மூத்தவரின் மேற்பார்வையில் எழுத வேண்டும். அந்த மூத்தவருக்கும் நேரமில்லாதபோது, கல்லூரி முடித்து ஓராண்டாகாத பிள்ளை ஒருவரின் வாழ்க்கையைப் பூட்டும் தாளை எழுதுகிறது. அவர்களைக் குறை சொல்லி என்ன, அனுபவம் இருந்தும் நான் எழுதினேனே.

மாற்றுத்திறனாளிகளுக்கு இழைக்கப்படும் கொடுமைகளைப் பற்றி 2019 முதல் 2023 வரை இயங்கிய அரச விசாரணை ஆணையம் 222 பரிந்துரைகளைத் தந்தது, சில கட்டுப்பாடுகளை அடியோடு நிறுத்தச் சொன்னது. விதியை இன்னும் இறுக்குவதால் மட்டும் பயன் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. இறுக்கினால் காகிதம் இன்னும் கச்சிதமாகும். எழுதும் மணிக்கும் வீட்டில் உட்காரும் மணிக்கும் இப்போது ஒரே கூலி, ஆனால் கேட்கப்படுவது எழுதியது மட்டும்தான். அதை மாற்ற வேண்டும். ஒரு திட்டம் எத்தனை கட்டுப்பாடுகளை ஒழுங்காகப் பதிந்தது என்பதோடு, ஓராண்டில் எத்தனையைக் கழற்றியது என்றும் கேட்க வேண்டும்.

அந்தப் பூட்டைக் கழற்ற நான்கு மாதம் பிடித்தது. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்றார்கள், அபாய மதிப்பீடு கேட்டார்கள், அங்கீகரித்ததை எப்படி எடுப்பது என்று யோசித்தார்கள். இப்போது அவர் ஐந்து மணிக்கு வந்து ஒரு தயிர் டப்பாவை எடுத்துக்கொண்டு உட்காருகிறார். நாற்காலி முழுக்க நின்றுவிட்டதா என்றால் இல்லை. ஷிஃப்ட் மாறும்போது புதிய முகம் வந்தால் இன்னும் எறிகிறார். அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இந்த வீடுகளில் வேலை செய்யும் தமிழர்கள் சிட்னியிலும் மெல்பர்னிலும் நிறையப் பேர், இரவு ஷிஃப்டில் படிப்புச் செலவைத் தேடும் மாணவர்கள் உட்பட. உங்கள் வீட்டுக்கு என்னைப் போல ஒருவர் கோப்போடு வந்தால், மேலாளரிடம் மட்டும் பேசிவிட்டுக் கிளம்ப விடாதீர்கள். அவர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள்.