சொல்லும் மெய்யும்: ‘சுவிங் டைம்’ திரைப்படத்தில் ஆடலின் இடம்

முன்னுரை

ஆடலும் பாடலும் விரவிய காதற்கதைப் படங்களைக் கற்றோர் பலர் ‘பொழுதுபோக்கு’ என்னும் ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுகின்றனர். அவற்றிற் கதை நிற்குமிடத்தில் ஆடல் தொடங்குகிறது. ஆடல் முடிந்த பின்னர்க் கதை மீண்டும் நடக்கிறது. ஆகவே ஆடல் கதைக்கு உறுப்பாகாது, புறத்தே பூட்டிய அணியே ஆகும் என்பது அவர்தம் கருத்து. இக்கருத்து முற்றும் பிழையன்று. பல படங்களில் நாம் காண்பது அதுவே. ஆயினும், ஒரு கலைவகையை அதன் மெலிந்த படைப்புகளைக் கொண்டு அளத்தல் முறையாகாது. வலிய படைப்பு ஒன்றனை எடுத்து, அதன்கண் ஆடல் அணியாக நிற்கின்றதா, உறுப்பாக நிற்கின்றதா என ஆராய்ந்து காண்டலே தக்கது. அங்ஙனம் ஆராய்தற்கு 1936ஆம் ஆண்டில் ஹாலிவுட்டில் ஆர்.கே.ஓ. நிறுவனம் வெளியிட்ட ‘சுவிங் டைம்’ என்னும் படம் ஈண்டு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

படத்தின் அமைப்பு

பிரெட் அஸ்டேர், ஜிஞ்சர் ராஜர்ஸ் ஆகிய இருவரும் இணைந்து நடித்த படங்கள் பத்து. அவற்றுள் முதலாவது 1933இலும் இறுதியானது 1949இலும் வெளிவந்தன. அவ்வரிசையில் ஆறாவதாகிய ‘சுவிங் டைம்’ படத்தை இயக்கியவர் ஜார்ஜ் ஸ்டீவன்ஸ். இசை ஜெரோம் கெர்ன் அமைத்தது. பாடல்கள் டோரதி பீல்ட்ஸ் இயற்றியவை. ஆடல் அமைப்பில் அஸ்டேருக்குத் துணைநின்றவர் ஹெர்மிஸ் பான். இப்படத்தின் பாடல்களுள் ஒன்று அவ்வாண்டின் சிறந்த திரைப்பாடலுக்குரிய ஆஸ்கார் பரிசினைப் பெற்றது. 2004ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இப்படம் சேர்க்கப்பெற்றது.

கதை மிக எளியது. லக்கி கார்னெட் என்பான் ஆடல் வல்லவன், சூதாட்டத்திலும் வல்லவன். அவனுடைய திருமண நாளன்று, அவனை இழக்க விரும்பாத ஆடற்குழு நண்பர்கள், ‘நின் காற்சட்டையின் அடியில் மடிப்பு இல்லை, அது நாகரிகமன்று’ என்று பொய்கூறி, ஆடையைத் தையற்காரனிடம் அனுப்பிக் காலந் தாழ்த்துகின்றனர். மணம் தடைப்படுகிறது. 25,000 டாலர் ஈட்டி வந்தால் மகளைத் தருவதாக மணமகள் மார்கரெட்டின் தந்தை கூறுகிறார். லக்கி மணக்கோலத்து உடையுடனேயே சரக்கு வண்டியில் தொற்றி ஏறி நியூயார்க் நகரம் சேர்கிறான். 1929இல் தொடங்கிய பொருளாதாரச் சரிவினால் வேலையிழந்தோர் பலர் சரக்கு வண்டிகளில் ஏறி ஊர் ஊராக அலைந்த காலம் அது. உயர்குடி உடையும் வறியோர் வண்டியும் ஒரே காட்சியில் அமைந்திருத்தல் நகைப்புக்குரியது. அந்நகையின் அடியிற் காலத்தின் துயரம் கிடத்தலும் கருதத்தக்கது.

நகரில் அவன் பென்னி காரல் என்பாளைக் காண்கிறான். அவள் ஆடற்பள்ளி ஒன்றில் கூலிக்குக் கற்பிப்பவள். ஒரு சிறு நாணயம் காரணமாக இருவர்க்கும் பூசல் எழுகிறது. நாணயத்தை எடுத்தவன் லக்கியின் தோழன் பாப், பழிசுமத்தப்படுபவன் லக்கி. காவலரோ நல்லுடை அணிந்தவன் பக்கமே நின்று பென்னியைக் கடிந்துகொள்கிறார். தலைவன் பெயர் நற்பேற்றையும், தலைவி பெயர் மிகச் சிறிய காசையும் குறித்தல் நோக்கத்தக்கது. பொருளும் பேறும் ஆகிய இரண்டன் இடையே காதல் படும் பாடே இப்படத்தின் பொருள் என்பதனைப் பெயர்களே உணர்த்திவிடுகின்றன.

முதல் ஆடல்: பொய்யினுள் மெய்

பூசலுக்குப்பின் லக்கி அவளைத் தொடர்ந்து ஆடற்பள்ளிக்கே சென்று, ஆடத் தெரியாதவன்போல் நடித்துப் பாடம் கேட்கிறான். இவனுக்குக் கற்பித்தல் இயலாது, பணத்தை வீணாக்க வேண்டா எனப் பென்னி கூறுகிறாள். அதனைக் கேட்டுவிட்ட பள்ளித் தலைவர் அவளை வேலையினின்று நீக்குகிறார். அவளைக் காக்க வேண்டி, ‘இவர் எனக்கு எவ்வளவு கற்பித்துள்ளார் என்று பாருங்கள்’ என்று கூறி லக்கி அவளுடன் ஆடத் தொடங்குகிறான்.

இவ்விடத்தில் அமைந்துள்ள நுட்பம் உணரற்பாலது. லக்கி கூறிய சொல் பொய். அவள் அவனுக்கு ஒன்றும் கற்பிக்கவில்லை. ஆனால் அவன் ஆடிய ஆடல் மெய். அதுவரை அவன் அவளிடம் கூறிய யாவும் ஏமாற்று. அவன் தன்னை உள்ளவாறு காட்டியது கால்களால் ஆடிய அந்த ஆடலிலேயே. வியப்புடன் தொடங்கும் பென்னியின் முகம் மெல்ல மெல்ல மகிழ்ச்சியாக மாறுகிறது. முன்னர் வெறுத்தவனை அவள் விரும்பத் தொடங்குவதற்குரிய காரணம் உரையாடலில் எங்கும் இல்லை, ஆடலில் உள்ளது. ஆடுதளத்தைச் சூழ்ந்த தாழ்ந்த தடுப்பினை இருவரும் ஒருங்கே தாவிக் கடந்து செல்லும்போது, அவர்தம் இடையே நின்ற தடுப்பும் நீங்கியமை சொல்லாமலே விளங்குகிறது. இவ்வாடலை நீக்கிவிட்டாற் கதை ஓர் அடியும் நகராது. ஆகவே இஃது அணியன்று, உறுப்பே.

இதனினின்றும் படம் முழுமைக்கும் பொருந்தும் ஒரு விதி பெறப்படுகிறது. இப்படத்தில் சொல் மறைக்கும், மெய் மறைக்காது. லக்கி தனக்கு மணம் உறுதி செய்யப்பட்டுள்ளதைப் பென்னியிடம் கூறாது மறைக்கிறான். 25,000 டாலர் சேர்ந்துவிட்டால் மார்கரெட்டை மணக்க நேருமே என அஞ்சிச் சூதில் வெல்லுவதையும் நிறுத்துகிறான். இவை யாவும் சொல்லால் மறைக்கப்படுகின்றன. உள்ளத்தின் உண்மை ஆடலிலேயே வெளிப்படுகிறது. உள்ளத்து நிகழ்வது உடம்பின்வழிப் புலப்படுதலை மெய்ப்பாடு எனத் தொல்காப்பியனார் தனி இயல் வகுத்து ஆராய்ந்தார். தமிழ் மாணவர்க்கு இவ்விதி புதிதன்று.

படப்பிடிப்பு முறையும் இவ்விதிக்குத் துணைநிற்கிறது. ஆடுவோர் உருவம் தலைமுதல் அடிவரை முழுமையாகச் சட்டத்துள் நிற்றல் வேண்டும், காட்சி இயன்றவரை வெட்டுண்ணாது தொடர்தல் வேண்டும் என்பன அஸ்டேர் வற்புறுத்திய நெறிகள். காலை ஒரு துண்டாகவும் முகத்தை ஒரு துண்டாகவும் காட்டி ஒட்டிவிட்டால் ஆடாதவரும் ஆடியவராகத் தோன்றக்கூடும். முழு உருவத்தை இடையறாது காட்டினால் மெய்யே சான்று ஆகிறது.

ஊடற் பாட்டு

நடுப்பகுதியிற் பனிபொழிந்த ஓர் ஊர்ப்புற விடுதிக் காட்சி வருகிறது. பென்னி அன்பினை எதிர்நோக்கி நிற்கிறாள். மறைப்பு ஒன்றனை நெஞ்சிற் சுமந்த லக்கியோ விலகி விலகிச் செல்கிறான். அவள் அவனது குளிர்ந்த போக்கினை நகையும் சினமும் கலந்து பழித்துப் பாடுகிறாள். இது முழுவதும் ஊடற் பாட்டு. இங்கு இருவரும் ஆடவில்லை என்பது கருதத்தக்கது. மெய் மறைக்காது என்பது விதியாயின், மறைப்புடையவன் ஆடுதல் இயலாது. ஆகவே ஆடல் இல்லாமையும் இவ்விடத்துப் பொருளுடையதாகிறது. பனிக்காலமும் பனிநிலமும் அவர்தம் உள்ளத்து நிலையை ஒத்து நிற்றல், முதற்பொருளும் உரிப்பொருளும் இயைதலை அறிந்த நமக்குத் தெளிவாகும். அமெரிக்கப் படத்தார் நம் திணைக்கோட்பாட்டினை அறிந்து அமைத்தனர் என்பது இங்குக் கருத்தன்று. காதல் ஒழுக்கத்தைக் கூர்ந்து நோக்கியோர் எந்நாட்டவராயினும் ஒத்த முடிபுகளுக்கு வருதல் இயல்பு என்பதே கருத்து.

பிரிவின் ஆடல்

மார்கரெட் நகருக்கு வருகிறாள், மறைப்பு வெளிப்படுகிறது. பென்னி மனமுடைந்து, இசைக்குழுத் தலைவன் ரிக்கார்டோவை மணக்க இசைகிறாள். ஆளில்லாத இரவு விடுதியில், வளைந்து ஏறும் படிக்கட்டின் அடியில் லக்கி நிற்கிறான். அவள் படியின்மேல் நிற்கிறாள். இனி ஆடுவதில்லை என்று அவன் பாடுகிறான். பாடி முடித்த பின்னர் இருவரும் சொல்லின்றி நடக்கின்றனர். நடை சிறிது சிறிதாக ஆடலாகிறது. முன்னர்த் தாம் மகிழ்ந்து பாடிய, ஆடிய இசைகள் இடையிடையே மீண்டும் ஒலிக்கின்றன. உடம்பு பழையவற்றை ஒவ்வொன்றாக நினைவுகூர்கின்றது. இறுதியில் இருவரும் வெவ்வேறு படிக்கட்டின் வழியே மேலேறிக் கூடி, விரைந்து சுழன்று, அச்சுழற்சியிலேயே அவள் வாயில்வழி மறைகிறாள். அவன் தனித்து நிற்கிறான்.

‘ஆடேன்’ என்பது சொல், ஆடியது மெய். சொல்லுக்கும் மெய்க்கும் உள்ள முரண் இவ்விடத்தில் உச்சநிலை எய்துகிறது. நகைச்சுவைப் படம் என்று பெயர்பெற்ற ஒன்றனுள் இத்துணை அழுத்தமான பிரிவுக்காட்சி அமைந்துள்ளமை, இவ்வகைப் படங்களை இழித்துரைப்போர் எண்ணிப் பார்த்தற்குரியது.

இக்காட்சியின் இறுதிப்பகுதி ஒரே நாளில் 47 முறை எடுக்கப்பெற்றது என்பர். ராஜர்ஸின் அடிகளில் குருதி கசிந்தது என்றும் கூறுவர். ஒத்திகைகளில் ஹெர்மிஸ் பான் முதலிற் பெண்ணின் பங்கினை ஏற்று அஸ்டேருடன் ஆடி ஆடலை வகுத்து, பின்னர் ராஜர்ஸுக்குக் கற்பித்தல் வழக்கம். இவ்வுழைப்பின் சுவடு திரையில் ஒரு சிறிதும் இல்லை. அஸ்டேரின் திறனைப் போற்றுவோர் ராஜர்ஸைத் துணையாள் என்ற அளவிலே நிறுத்திவிடுதல் உண்டு. அது பொருந்தாது. முதல் ஆடலில் வியப்பு மகிழ்வாவதும், இறுதி ஆடலில் உறுதி நெகிழ்ந்து பின் மீண்டும் உறுதியாவதும் அவள் முகத்திலும் தோளிலும் காணப்படுவன. லக்கி இரண்டிடத்தும் வேண்டி நிற்பவனே, மாறுபவள் பென்னியே. ஆடல் கதையாவது அவளால் என்றே கூறல் வேண்டும்.

படத்தின் குறை

இனி, இப்படத்தை ஆராய்வோர் ஒதுக்கிச் செல்லலாகாத குறை ஒன்று உண்டு. கறுப்பின ஆடற்கலைஞர் பில் ராபின்சனைப் போற்றும் நோக்குடன் அமைந்த ஓர் ஆடலில் அஸ்டேர் முகத்திற் கருமை பூசி ஆடுகிறார். தம் திரைவாழ்வில் அவர் இவ்வாறு செய்தது இஃது ஒருமுறையே. தன்னினும் பெரிய மூன்று நிழல்களோடு அவர் ஆடும் பகுதி நுட்பத்தால் வியக்கத்தக்கது. அவ்வாடல் அமைப்புக்காக ஹெர்மிஸ் பான் ஆஸ்கார் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பெற்றார்.

இதற்கு அமைதி கூறுவோர் இரண்டு காரணம் காட்டுவர். ஒன்று, இது பழிப்பன்று, போற்றுதலே என்பது. மற்றொன்று, அக்கால வழக்கு அத்தகையது என்பது. இரண்டும் ஓரளவு உண்மையே. இரண்டும் போதியன அல்ல. போற்றப்படுபவர் அந்நாளில் உயிருடன் வாழ்ந்து ஆடிக்கொண்டிருந்தவர். 1935இலேயே திரையில் தோன்றியவர். ஆயினும் பெருநிறுவனப் படங்களிற் காதற்கதைத் தலைவனாக ஆடும் இடம் அவரினத்தார்க்கு அளிக்கப்படவில்லை. உரியவர்க்கு மேடையை மறுத்து, அவர் நிறத்தை மட்டும் பூசிக்கொள்ளுதல் எங்ஙனம் முழுமையான போற்றுதலாகும்? மேலும், பெயர் ராபின்சனுக்குரியதாயினும் ஆடலின் நடை ஜான் பபிள்ஸ் என்னும் மற்றொரு கறுப்பினக் கலைஞரின் நடையையே பெரிதும் ஒத்துள்ளது என ஆடல் வல்லோர் சுட்டியுள்ளனர். ஆகவே பெயர் ஒருவருக்கும், கலை மற்றொருவருக்கும், புகழ் மூன்றாமவருக்கும் உரியனவாயின.

அறநோக்கில் மட்டுமன்றிக் கலைநோக்கிலும் இது குறையே. மெய் பொய்யுரையாது என்பது இப்படம் தானே வகுத்துக்கொண்ட விதி எனக் கண்டோம். இவ்வோர் ஆடலில் மட்டும் மெய் பொய்ப்பூச்சினை ஏற்கின்றது. கதையிலும் இவ்வாடலுக்கு வேலை யாதும் இல்லை. இதனை நீக்கினாலும் லக்கி, பென்னி உறவு மாறாது. உறுப்பாக நின்ற ஆடல் இவ்விடத்து மட்டும் அணியாகச் சுருங்கிவிட்டது. படத்தின் அறப்பிழையும் கலைப்பிழையும் ஓரிடத்தே கூடியிருத்தல் தற்செயல் என்று கூற நம் மனம் ஒருப்படவில்லை.

முடிவுரை

இறுதியில் மார்கரெட் வேறொருவனை விரும்புகிறாள் என்பது தெரிகிறது, காற்சட்டை மடிப்புப் பொய் ரிக்கார்டோவின்மேல் மீண்டும் ஏவப்படுகிறது, அனைவரும் நகைக்கின்றனர். இம்முடிவு எளிதாக வந்துவிட்டது என்று கூறுவோர் கூற்றினை மறுத்தற்கில்லை. பிரிவாடலின் ஆழத்திற்கு இந்நகை ஈடாகாது. ஆயினும் முடிவில் ஒரு நயம் உண்டு. பென்னி ஊடிப் பாடிய பாட்டும், லக்கி முன்னர் அவளைப் புகழ்ந்து பாடிய பாட்டும் ஒரே நேரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இசைந்து ஒலிக்கின்றன. சாளரத்துக்கு வெளியே பனி நீங்கிக் கதிரொளி பரவுகிறது. ஊடலும் கூடலும் ஒரே இசையின் இரு கூறுகள் என்பது அகப்பொருள் பயின்றோர்க்குப் பழகிய உண்மை. அதனை இசையமைப்பாளர் செவிக்குப் புலனாக்கியுள்ளார்.

தொகுத்துக் கூறின், ‘சுவிங் டைம்’ படத்தில் ஆடல் கதையை நிறுத்தவில்லை; சொல் நின்றுவிட்ட இடங்களில் கதையை நடத்துகிறது. ஆடல் உறுப்பாக நின்றவிடத்துப் படம் உயர்கிறது. அணியாக நின்றவிடத்துத் தாழ்கிறது. ஆடற்படம் எதனையும் மதிப்பிடுவோர், ‘ஆடல் அழகிதா?’ என வினவுதலோடு அமையாது, ‘இவ்வாடலை நீக்கினாற் கதையில் எது குறையும்?’ எனவும் வினவுதல் வேண்டும். இரண்டாம் வினாவுக்கு விடை தரும் படங்கள் சிலவே. அச்சிலவற்றுள் இஃது ஒன்று. அதன் குறையை மறையாது கூறிய பின்னரும் அதற்குரிய இடம் குறைவதில்லை.