வலைப்பக்கத்திற் கணிதம்: உருவமும் உள்ளடக்கமும் பற்றிய ஒரு நோக்கு

இலக்கிய விமர்சனத்திலே உருவம், உள்ளடக்கம் ஆகியவற்றுள் எது முதன்மையானது என்ற விவாதம் நெடுங்காலமாக நடைபெற்று வந்துள்ளது. கணிதத்தைப் பொறுத்தவரையில் அவ்விரண்டையும் பிரித்து நோக்குதல் இயலாது. இரண்டின் மூன்றாம் வலு 8 ஆகும். மேலே நிற்க வேண்டிய மூன்று கீழிறங்கி இரண்டின் அருகே அமருமாயின் அது 23 ஆகிவிடும். எனவே, வலைப்பக்கமொன்று சூத்திரத்தை எவ்வாறு காட்டுகின்றது என்பது அலங்காரம் பற்றிய வினாவன்று. பொருள் பற்றிய வினாவாகும்.

உலகளாவிய வலை 1989இல் சேர்ன் பௌதிக ஆய்வுநிலையத்திலே கருக்கொண்டது. எனினும், பௌதிகவியலாளரின் அன்றாட மொழியாகிய சூத்திரத்திற்கு அதன் தொடக்ககாலக் குறிமொழியில் இடமிருக்கவில்லை. 1995ஆம் ஆண்டு வரைவொன்றிற் கணிதக் கூறுகள் இடம்பெற்றபோதும் அவை நியமமாக நிலைபெறவில்லை. அச்சுத்துறையிலோ நிலைமை வேறு. தமது நூலின் அச்சுப்படிகளைக் கண்டு மனநிறைவு கொள்ளாத டொனால்ட் குனூத், 1977இல் டெக் என்னும் அச்சுக்கோப்பு முறையை வகுக்கத் தொடங்கியிருந்தார். தாளிலே தீர்வு கண்ட பிரச்சினை திரையிலே மீண்டும் தலைதூக்கியது.

முதலிற் கையாளப்பட்ட வழி சூத்திரத்தைப் படமாக்குவதாகும். எல்லா உலாவிகளிலும் அது ஒரேவிதமாகத் தோன்றியது. ஆனால் மொழி என்ற தன்மையை இழந்தது. படத்திலுள்ள சூத்திரத்தைத் தேட முடியாது, பெருப்பித்தால் மங்கும். மாற்றுரை இணைக்கப்படாதவிடத்துப் பார்வையற்ற மாணவரின் திரைவாசிப்பான் அதன்முன் மௌனித்துவிடும். மற்றொரு வழி குறியீட்டு எழுத்துருக்களை நம்புவது. அவ்வெழுத்துரு இயங்காத உலாவியில் 'அல்பா' என்னும் கிரேக்க எழுத்து சாதாரண ஆங்கில எழுத்தாய்த் தோன்றியது. பாமினி எழுத்துரு இல்லாத கணினியிலே தமிழ்க் கட்டுரை ஆங்கில எழுத்துக் குவியலானதைக் கண்டவர்களுக்கு இவ்விடர் புதிதன்று.

1998இல் டபிள்யூ3சி அமைப்பு வெளியிட்ட மாத்எம்எல் நியமம், பின்னம், மூலம், சுட்டி என்பவற்றைக் கட்டமைப்பாகவே பதிவுசெய்தது. கொள்கையளவில் இதுவே சரியான தீர்வு எனலாம். ஆயினும் சிறியதொரு கோவைக்கும் பல குறிகளை வேண்டும் அதனைக் கையால் எழுதுதல் கடினம். அதனினும் பெருங்குறை உலாவிகளின் அலட்சியமாகும். பயர்பொக்ஸ் அதனை ஆதரித்தது. இன்ரர்நெற் எக்ஸ்புளோரருக்குத் தனியான செருகுநிரல் தேவைப்பட்டது. குரோம் 2013 ஜனவரியில் அதனைச் சேர்த்து, அடுத்த பதிப்பிலேயே நீக்கிவிட்டது. 2023 ஜனவரியிலேதான் மாத்எம்எல்லின் சுருங்கிய வடிவம் குரோமில் மீண்டும் இடம்பெற்றது. அதற்கான வேலையைப் பெரும்பாலும் செய்து முடித்ததும், தொழிலாளரே உரிமையாளராகவுள்ள இகாலியா என்னும் ஸ்பானிய நிறுவனமேயன்றிப் பேருலாவியின் உரிமையாளரல்லர். சந்தைப் பெறுமதி குறைந்த தேவை இருபத்தைந்து ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தமை இங்கு மனங்கொள்ளத்தக்கது.

இவ்விடைவெளியை நிரப்பியது 2009இல் தொடங்கிய மாத்ஜாக்ஸ் ஆகும். ஆசிரியர் டெக் முறையில் எழுத, அந்நிரல் எந்த உலாவியிலும் சூத்திரத்தைச் செவ்வனே அமைத்துக் காட்டியது. அதன் பணி பாராட்டற்பாலது. எனினும், உலாவி செய்யவேண்டியதைப் பக்கந்தோறும் வேறொரு நிரல் செய்வதால் வேகங் குன்றிய இணைப்புடையோர் காத்திருக்க வேண்டியதாகின்றது. 2017 ஏப்ரலில் மாத்ஜாக்ஸ் தனது சொந்த விநியோகச் சேவையை நிறுத்தியபோது, அதனைச் சார்ந்திருந்த பக்கங்கள் வேறிடம் நாட வேண்டியிருந்தன. ஊன்றுகோல் காலாகிவிடாது.

இன்று முதன்மை உலாவிகள் யாவும் மாத்எம்எல்லின் அடிப்படையை ஏற்றுள்ளன. ஆயினும் நீண்ட சமன்பாட்டைத் தக்க இடத்தில் மடித்து அடுத்த வரிக்குக் கொண்டுசெல்லும் வசதி அவ்வடிப்படையில் இல்லை. கைத்தொலைபேசியின் ஒடுங்கிய திரையில் அது விளிம்பைத் தாண்டிவிடுகின்றது. விரிவுரைக் குறிப்புகளை வலையேற்றுவோர் தமது திரையில் அழகாகத் தோன்றுவதுடன் அமைதி கொள்ளலாகாது. சூத்திரத்தின் கட்டமைப்பு பேணப்பட்டுள்ளதா, மாணவரின் திரையிலும் பார்வையற்றவரின் செவியிலும் அதே பொருளைத் தருகின்றதா என்பதே உரைகல்லாகும். உருவம் சிதைந்தால் அழகு மட்டுமன்று, உண்மையும் சிதையும்; 8 என்பது 23 ஆகும்.