பாடாமல் ஒரு பாட்டு

ஜாஸ் என்றாலே நம்மில் பலர் காத தூரம் ஓடுகிறார்கள். 'ஆளாளுக்கு இஷ்டத்துக்கு வாசிக்கிறான் சார், மெட்டு எங்கே போச்சுன்னே தெரியலை' என்பது வழக்கமான புகார். பாதி நியாயம்தான். அவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது மூன்று நிமிஷத்துச் சொச்சம் ஓடும் ஒரே ஒரு இசைத்தட்டு. 'பாடி அண்ட் சோல்'. 1935 ஜூலை 13 அன்று நியூயார்க்கில் பதிவானது. கிளாரினெட் பென்னி குட்மன், பியானோ டெடி வில்சன், டிரம்ஸ் ஜீன் க்ருபா. அவ்வளவுதான் ஆட்கள்.

பாட்டு ஜானி கிரீன் போட்டது. 1930-ல் வெளிவந்தபோது அவருக்கு வயசு 21. அந்தக் காலத்து அமெரிக்கப் பாட்டுகள் பெரும்பாலும் 32 பார் கணக்கு. எட்டெட்டாக நான்கு துண்டு. ஒன்று, இரண்டு, நான்கு ஒரே மெட்டு. மூன்றாவது மட்டும் வேறு, அதற்குப் பெயர் 'பிரிட்ஜ்'. இந்தப் பாட்டின் பிரிட்ஜ் கொஞ்சம் விவகாரமானது. திடீரென்று சுருதி அரை ஸ்வரம் மேலே தாவும், அப்புறம் புறப்பட்ட இடத்துக்கும் கீழே இறங்கும், கடைசியில் நைசாகப் பழைய வீட்டுக்கே வந்து சேரும். பாடுகிறவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். வாசிக்கிறவர்களுக்கு அல்வா.

குட்மன் இதை எப்படி வாசிக்கிறார் என்று கவனியுங்கள். மெட்டை விட்டு அதிகம் விலகுவதே இல்லை. ஒரு ஸ்வரத்தைத் தாமதமாகத் தொடுவார். இன்னொன்றை லேசாக வளைப்பார். மூச்சு விடும் இடம்கூட பாடகர் விடும் இடம்தான். வார்த்தை தெரிந்த ஒருவர் அதைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு முனகுகிற மாதிரி இருக்கும். சும்மா சொல்லவில்லை. இதற்குப் பதினோரு நாள் முன்னால்தான், ஜூலை 2 அன்று, இதே குட்மனும் வில்சனும் பில்லி ஹாலிடே என்கிற இருபது வயசுப் பெண்ணுக்குப் பின்னால் வாசித்திருந்தார்கள். அசட்டு சினிமாப் பாட்டைக்கூட தாளத்துக்குச் சற்றுப் பின்தங்கிப் பாடியே உயரத்துக்குக் கொண்டுபோன பெண். அந்தப் பழக்கம் கிளாரினெட்டில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது என்பது என் சந்தேகம். நிரூபிக்க முடியாது.

வில்சனிடம்தான் எனக்கு மயக்கம் அதிகம். இந்தக் கோஷ்டியில் பாஸ் வாத்தியம் கிடையாது. அந்த வேலையும் அவருடைய இடது கைக்கே. சுண்டு விரலுக்கும் கட்டை விரலுக்கும் நடுவே அகலமாக எட்டிப் பிடித்து, படியேறுகிற மாதிரி நிதானமாக நடக்கும். வலது கை அதே மெட்டைப் பிரித்து, ஒற்றைச் சரமாகக் கோத்துக்கொண்டே போகும். அவசரம் இல்லை, ஆர்ப்பாட்டம் இல்லை. க்ருபாகூட, பெரிய பாண்டில் கூரையைப் பிய்க்கிறவர், இங்கே பிரஷ்ஷை வைத்து ஓரமாகத் தடவிக்கொண்டிருக்கிறார்.

'இது ரொம்ப மரியாதையான சங்கீதம், சூடு போதவில்லை' என்று ஒரு விமரிசனம் உண்டு. அப்படிச் சொல்கிறவர்கள் காட்டுவது 1939-ல் கோல்மன் ஹாக்கின்ஸ் இதே பாட்டை சாக்ஸபோனில் வாசித்ததை. அவர் மெட்டுக்குத் தொடக்கத்தில் ஒரு சலாம் போட்டுவிட்டு, பிறகு அந்தப் பக்கமே திரும்பவில்லை. மகத்தான தட்டு, மறுக்கவில்லை. ஆனால் அதில் கேட்பது ஹாக்கின்ஸை. மூவர் தட்டில் கேட்பது பாட்டை. இரண்டாவதைச் செய்வது சுலபம் என்று நினைப்பவர்கள் ஒரு மெட்டை மாற்றாமல் மூன்று நிமிஷம் வாசித்துப் போரடிக்காமல் இருக்க முடிகிறதா என்று பார்க்கட்டும்.

அந்த 'மரியாதை'க்குப் பின்னால் இன்னொரு சமாசாரம் இருக்கிறது. குட்மன் சிகாகோவின் ஏழை யூதக் குடும்பத்துப் பிள்ளை, வெள்ளையர். வில்சன் கறுப்பர். இருவரும் ஸ்டுடியோவில் சேர்ந்து வாசிக்கலாம், தட்டில் யாருக்கும் முகம் தெரியாது. மேடை வேறு. 1936-ல் சிகாகோ காங்கிரஸ் ஹோட்டலில் மூவரும் ஜனங்கள் எதிரே உட்கார்ந்தார்கள். அன்றைய அமெரிக்காவில் அது பெரிய துணிச்சல். அப்போதும் ஒரு ஏற்பாடு இருந்தது. பாண்டின் பியானோ நாற்காலி வெள்ளையரான ஜெஸ் ஸ்டேசிக்கு. வில்சன் நடுவில் வந்துபோகிற தனி ஐட்டம். இதைத் தெரிந்துகொண்டு கேட்டால் அந்த நிதானத்தை வெறும் பணிவு என்று சொல்ல மனசு வராது. எனக்கு அது அசைக்க முடியாத தன்னம்பிக்கையாகக் கேட்கிறது.

குறையும் உண்டு. வில்சனின் பிற்காலத் தட்டுகள் சிலதில் எல்லாப் பாட்டுக்கும் ஒரே இஸ்திரி போட்டிருப்பார், ஒரு சுருக்கம் இருக்காது. குட்மனும் பழைய பாட்டுகளையே நாற்பது வருஷம் சுற்றிச் சுற்றி வந்தார். 1986-ல் ஏழு வாரத்துக்குள் இருவருமே இறந்துபோனார்கள்.

1938-ல் கார்னகி ஹாலில் இதே மூவர் இதே பாட்டை வாசித்த பதிவும் கிடைக்கிறது. எனக்கென்னவோ ஸ்டுடியோத் தட்டுதான். யூட்யூபில் தேடினால் அகப்படும். முதல் தடவை கிளாரினெட்டோடு போங்கள். இரண்டாவது தடவை மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு, அந்த இடது கையை மட்டும் தொடருங்கள்.