சாமனின் சிரிப்பு

ஜாதகக் கதைகளை நமக்குப் பள்ளிக்கூட நீதிபோதனையாகவே அறிமுகப்படுத்திவிட்டார்கள். பாலியில் உள்ள 547 கதைகளில் 540-வதான சாம ஜாதகமும் 'பெற்றோரைப் பேணு' என்று சுருங்கிவிட்டது. அப்படிச் சுருக்கியவர்கள் கதையில் வரும் ஒரு சிரிப்பைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

காட்டில் தவமிருக்கும் துகூலனுக்கும் பாரிகைக்கும் பாம்பின் விஷமூச்சுப் பட்டுக் கண் போய்விடுகிறது. தேடிவந்த மகன் சாமன் அழுகிறான், உடனே சிரிக்கிறான். இந்த வயதிலேயே பார்வை போயிற்றே என்று அழுதானாம்; இனி இவர்களைத் தான் பார்த்துக்கொள்ளலாமே என்று சிரித்தானாம். கதைசொல்லி இதைப் பக்தியாகவே சொல்லிக்கொண்டு போகிறார். சாஞ்சி மேற்கு வாயிலில் அம்பு பட்டதையும் பிழைத்ததையும் செதுக்கியவர்கள்கூட இந்தச் சிரிப்பைச் செதுக்கவில்லை.

எனக்கு அந்த இடம் பயமாக இருக்கிறது. கடைசி வருஷங்களில் என் அப்பாவுக்குப் பார்வை போயிற்று. ஆயுள் முழுக்க என்னை அதட்டிய மனிதர் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் கொல்லைப்புறம் போவார். என் துக்கத்துக்கு அடியில் ஒரு திருப்தி இருந்தது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சாமன் சொல்லிவிடுகிறான்.

கதை யாருக்காகச் சொல்லப்பட்டது என்பதும் முக்கியம். சாவத்தியில் ஒரு பிக்கு. பணக்கார வீட்டின் ஒரே மகன். அவன் துறந்துபோன பின் பெற்றோர் சொத்தெல்லாம் இழந்து பிச்சைக்கு வருகிறார்கள். தனக்குக் கிடைத்த சோற்றை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு அவன் மெலிகிறான். மற்ற பிக்குகள் புகார் செய்கிறார்கள். புத்தர் அவனைப் பாராட்டி, தன் முற்பிறவியென்று இந்தக் கதையைச் சொல்கிறார். வீட்டைவிட்டு வந்தவர்களின் ஸ்தாபனம் தனக்குத் தானே சொல்லிக்கொண்ட கதை இது. பெற்றோருக்கு மகன் தேவை என்பதோடு, மகனுக்கும் அவர்களுடைய இயலாமை தேவைப்படுகிறது என்பதை அது மறைக்கவில்லை.

பிலியக்க அரசனின் விஷ அம்பில் சாமன் விழுகிறான். கொன்றவனே தண்ணீர்க் குடத்தோடு குடிசைக்கு வருகிறான். காலடிச் சத்தம் மகனுடையதல்ல என்று அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. ராமாயணத்தில் இதே நிலையில் தசரதனுக்குச் சாபம் கிடைக்கிறது. இங்கே சாபமில்லை. பெற்றோரின் சத்திய வாக்கால் மகன் பிழைக்கிறான். அவர்களுக்கும் கண் திரும்புகிறது.

என் அப்பாவுக்குத் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் முதலில் சிரித்திருப்பேனா, அழுதிருப்பேனா என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.