நாளறியாச் சாவு

மூவேந்தரால் தந்தையை இழந்த பாரி மகளிரின் பாட்டை (புறம். 112) வகுப்பில் நயம் கூறி முடித்துவிடுகிறோம். அன்றைய நிலவையும் இன்றைய நிலவையும் வைத்துத் தம் இழப்பை அளக்க அவர்களுக்கு இயன்றது. சாவின் நாள் தெரிந்திருந்தது.

1942 முதல் சயாம் இரயில்பாதைக்கு ஜப்பானியர் கொண்டுபோன மலாயாத் தோட்டத் தமிழர் பல்லாயிரவர், காலராவாலும் பட்டினியாலும் அடியாலும் மாண்டனர். ஊரில் காத்திருந்தவளுக்கு அந்த நாள் எட்டவேயில்லை. தாலியைக் கழற்றுவதா, வைத்திருப்பதா? பிணமின்றி ஒப்பாரி ஏது?

ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' 1993இல்தான் வெளிவந்தது. இக்காலத் தாழ்வைச் சிலர் இலக்கிய வறுமை என்பர். எமக்கோ அதுவும் துயரத்தின் ஒரு வடிவமாகவே படுகிறது. மலாக்காத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இவ்விரண்டையும் ஒரே பாடவேளையில் நடத்திப் பார்க்கலாம். பாட்டி சொல்லாமல் விட்டதை யாரேனும் ஒரு பிள்ளை கேட்கக்கூடும்.